நெற்றியில் கிடந்த வட்டம்

லீலாதேவி ஒட்டுப்பொட்டை நகத்தால் உரித்து அலுமாரிக் கதவில் ஒட்டினாள். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினாள்.

"அப்புடித்தான் டீச்சர். பொலிஸ் பஸ்ஸுல ஏறி, பொட்டப் பாத்துத்தான் தமிழாளுங்கள எறக்குறாங்களாம்," என்றாள் வீட்டுக்கார அன்னலட்சுமி.

"ஓம் அக்கா. ஆனா அருவருப்பாக் கிடக்கு."

இரண்டாயிரத்து எட்டு, யுத்தம் உச்சத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரி, வத்தேகமவில் வாடகை அறையில் இருந்துகொண்டு கண்டியில் படிப்பித்துக்கொண்டே பௌதிகவியல் ஆராய்ச்சி செய்தாள். ஜெர்மன்காரரின் தொலைநோக்கிகள் பிடித்த காமாக் கதிர்ப் படங்கள் அவளுக்கு வரும். பார்த்தால் மாவைத் தூவிவிட்டது போல வெறும் புள்ளிகள், இரைச்சல் என்று ஒதுக்கப்படும் தற்செயல் சிதறல். பிரகாசத்தை மட்டும் நம்பினால் மங்கலான பொருட்கள் தப்பிவிடும். அவள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, திட்டுகளின் பரப்பு, விளிம்பின் நீளம், துண்டுகள், ஓட்டைகள் எல்லாவற்றையும் அளப்பாள். இரைச்சலுக்கென்று ஒரு வடிவம் உண்டு. அது பிசகினால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. அப்படி ஒன்றைப் பிடித்திருந்தாள். அன்று பகல் அவர்களோடு நடக்கும் தொலைபேசிக் கூட்டத்தில் அவள் வாதாடாவிட்டால் அதைக் கட்டுரையிலிருந்து வெட்டிவிடுவார்கள்.

கண்டிக்குள் நுழையுமுன் பஸ்ஸை மறித்தார்கள். பொலிஸ்காரி ஒருத்தி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன் ஆசனத்தில் பெரிய பொட்டோடு இருந்த பெண்ணின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு லீலாதேவியின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். நெற்றியில், வருடக்கணக்காகப் பொட்டின் பசை தின்ற இடத்தில் வெள்ளை வட்டம். அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பொட்டை ஏன் கழற்றினாய்? இறங்கு," என்றாள் சிங்களத்தில். தினமும் கூட வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். தூ, என்ன மனிதர்கள்!

சாவடியில் பொலிஸார் பையைக் கிளறினார்கள். புள்ளிப் படங்கள்.

"எந்த ஊர் வரைபடம்?"

"வானம்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொட்டை மறைத்தவள் பேச்சை எவன் நம்புவான்? பொழுது சாயும்வரை சாவடி வாங்குப் பலகையில் இருத்திவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

அறைக்கு வந்து கணினியைத் திறந்தாள். 'கூட்டத்தில் விளக்க யாரும் வராததால், இரைச்சல் என்று முடிவுசெய்து நீக்கிவிட்டோம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கையை, அந்தப் பஸ்ஸை, இந்தப் படித்தவர்களை எல்லாம் நினைக்க அருவருத்தது. எல்லாவற்றையும்விட, காலையில் பொட்டை உரித்த தன் நகத்தின் மேல்தான் அதிக அருவருப்பு.

"நல்லவேள பொட்டு இல்லாமப் போனீங்க டீச்சர். இல்லாட்டி என்ன ஆயிருக்குமோ!" என்றாள் அன்னலட்சுமி.

லீலாதேவி அலுமாரிக் கதவிலிருந்து பொட்டை எடுத்து வட்டத்தின் மேல் அழுத்தினாள். பசை காய்ந்திருந்தது. கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் அழுத்தினாள்.