கேட்கிறவர் சபையும் மேஸ்திரியின் காதும்

குழாய் மேஸ்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதை அவர் வெளியே சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நம்பி நான்கு ஊர்களில் அறுநூறு பேர் இருக்கிறார்கள்; அதை உண்டாக்கினவரே அவர்தான்.

உண்டாக்கினது என்றால் லேசுப்பட்ட காரியமா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பதினோரு வயதில் பைப் ரெஞ்சைத் தூக்கின மனுஷன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் சமையலறைத் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் வேலை, டார்ச் வாயில். பாத்திரத்தை நகர்த்த வந்த அந்த வீட்டு அம்மாள் என்னவோ பேச ஆரம்பித்தாள். பேச்சு புருஷனிடம் போயிற்று, புருஷனிடமிருந்து செத்துப்போன ஒரு குழந்தையிடம் போயிற்று. முக்கால் மணி நேரம். மேஸ்திரியால் ஒரு "ம்" கூடப் போட முடியவில்லை, போட்டால் டார்ச் விழும். கடைசியில் அவள் "போதும், சொல்லிட்டேன்" என்று மூக்கைச் சிந்தினாள். இவர் வெளியே வந்து பார்த்தால், கழுவி வைத்த மாதிரி முகம்.

"உங்களை மாதிரி நல்ல மனுஷனை நான் பார்த்ததில்லைங்க" என்றாள்.

இவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் விஷயம். அந்த இடத்தில் நாலெழுத்து படித்தவன் ஒருவன் இருந்திருந்தால் புத்தி சொல்லியே அவளைக் கெடுத்திருப்பான். மேஸ்திரி ஒரு வாரம் யோசித்தார். கடவுள் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் ஜனங்கள் அவரிடம் போய்க் கொட்டுகிறார்கள். அப்படியானால் கடவுளின் வேலையே கேட்பதுதான். குறுக்கே பேசாமல் கேட்கிற எந்த மனுஷனும் கடவுள் வேலையில் கொஞ்சம் செய்கிறான். பெரிய பெரிய புத்தகம் வைத்திருக்கிறவர்களுக்குத் தோன்றாதது, தொட்டிக்குக் கீழே படுத்திருந்தவருக்குத் தோன்றியது. கடவுளுக்குக் "கேட்கிறவர்" என்று பெயர் வைத்தார். பூட்டிக் கிடந்த ஒரு பெயின்ட் கிடங்கைத் தம் கையாலேயே வெள்ளையடித்துச் சபை ஆக்கினார்.

முறை ரொம்பச் சுலபம். ஞாயிறு காலை எல்லோரும் ஹாலில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போய், மேஸ்திரியிடம் மனசில் இருப்பதைச் சொல்லுவார்கள். அவர் குறுக்கே பேச மாட்டார். கேள்வி, சமாதானம், புத்திமதி எதுவும் கிடையாது. சொல்கிறவர் "போதும்" என்றதும் ஒரு முறை தலையாட்டுவார். "கேட்டாச்சு" என்று அர்த்தம், அவ்வளவுதான். செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை. உள்ளே சொன்னது வெளியே வராது.

இப்படி முப்பத்தொரு வருஷம் கேட்ட காது, இரண்டு வருஷமாக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. சுவர் குடைகிற டிரில்லைக் காதோரம் வைத்துப் பிழைத்த பிழைப்பு. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்திச் சொன்னால் பாதி விழும். சபைக்கு வருகிறவர்களோ எதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்து, முணுமுணுப்பார்கள். பாவத்தை யார் கத்திச் சொல்லுவார்கள்?

வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும்.

"ஒரு மிஷின் வாங்கி மாட்டிக்கங்களேன். ஊரே மாட்டிக்குது" என்று அவள் ஆயிரம் தடவை கத்தியாயிற்று.

"கேட்கிறவர் சபைத் தலைவருக்குக் காது மிஷினா? பார்க்கிறவன் எதால சிரிப்பான்?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? நேத்து உப்பு கேட்டேன், மணி பத்துங்கிறீங்க."

அவர் எழுந்து போய்விடுவார். பேச்சை வளர்க்கத் தெம்பு இல்லை. கேட்காத காதை வைத்துக்கொண்டு கேட்கிற முகத்தைக் காட்டுவது இருக்கிறதே, அது ஆறு மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிற வேலையைவிடக் கஷ்டம். ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றக்கூடக் கை எழாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தையல்காரம்மா உள்ளே வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருப்பவள். புருஷன் செத்து மூன்று வருஷம். ஒரே மகள், கட்டிக்கொடுத்தாயிற்று. மூன்று வருஷமாக ஹாலில் உட்கார்ந்துவிட்டுப் போவாளே தவிர, உள்ளே வந்ததில்லை. அன்றைக்கு வந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் பேசினாள். மேஸ்திரியால் அவள் உதட்டையும் பார்க்க முடியவில்லை. "தையல்", "நாலு" என்று ஏதோ இரண்டு சொல் விழுந்தது. அவள் நிமிர்ந்ததும் தலையாட்டினார். கதவருகே போனவள் திரும்பி நின்று இன்னும் ஏதோ சொன்னாள். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். அதற்கும் ஒரு தலையாட்டல்.

அதிலிருந்து நான்காவது ஞாயிறு அவள் வரிசையில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்தாள். கோபத்தில் குரல் ஏறியிருந்ததால் ஒரு சொல் விடாமல் கேட்டது.

"என் மகள்கிட்ட சொல்லிடட்டுமானு கேட்டேன். தலையாட்டினீங்க. சொல்லிட்டேன். மூணு வாரமா அவ என் போனை எடுக்கல. போய் நின்னா கதவைத் திறக்கல. நீங்க ஆட்டாம இருந்திருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேனே ஐயா!"

முறைப்படி மேஸ்திரி யாருக்கும் "சரி" சொன்னதே கிடையாது. சொல்லிவிட்டார், என்னவென்றே தெரியாமல். அவள் மகளிடம் சொன்னது என்ன? அவர் மட்டும்தான் கேட்டவர், அவருக்கே தெரியாது. யாரிடம் போய் விசாரிப்பது?

அவள் போனதும் கண்டக்டர் உள்ளே வந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். சபையில் வரிசை போடுவது அவர் பொறுப்பு. "உள்ள இடம் இருக்கு, நகருங்க நகருங்க" என்பது அவர் வாயில் இன்னும் போகவில்லை. அவரை வலது பக்கம் இழுத்து உட்காரவைத்து மேஸ்திரி எல்லாவற்றையும் கொட்டினார்.

கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு காதருகே குனிந்தார். "மேஸ்திரி, நான் ஒண்ணு சொல்றேன். உடம்பு முடியலைன்னு ரெண்டு மாசம் ஒதுங்கிக்கங்க. அந்த அம்மாவை நான் சமாதானம் பண்றேன். இதை வெளியே விட்டீங்கன்னா முப்பத்தொரு வருஷ வண்டி நடுரோட்டுல நின்னுடும்."

"ரெண்டு வருஷமா வண்டியே இல்லையேப்பா. வெறும் விசிலு ஊதிட்டு இருந்திருக்கோம்."

"எங்க பொழைப்பையா கிண்டல் பண்றீங்க?"

"என் பொழைப்பைத்தான்."

அந்த வாரம் மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. மறைத்தால் சபை நிற்கும், அந்த அம்மாளின் கணக்கு அப்படியே கிடக்கும். சொன்னால் தன் கையால் வெள்ளையடித்த இடம் தன் வாயாலேயே காலியாகும். ஞாயிறு காலை மனைவி சலவைச் சட்டை ஒன்றை எடுத்து நாற்காலிமேல் போட்டாள், அவ்வளவுதான்.

அன்று அவர் உள்ளறைக்குப் போகவில்லை. நூற்றைம்பது பேருக்கு நடுவே நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த ஹாலில் வாயைத் திறப்பது அதுதான் முதல் தடவை.

"எனக்குக் காது போய் ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். "நீங்க சொன்னதுல முக்கால்வாசி எனக்குத் தெரியாது. கேட்ட மாதிரி தலையாட்டினேன். வெளியே தெரிஞ்சா மரியாதை போயிடும்னு மறைச்சேன். யாரு என்ன சொன்னீங்களோ, அது கேட்கிறவருக்குப் போச்சான்னு தெரியல. எனக்கு வரல. போதும்."

குறுக்கே பேசக் கூடாது என்பது அவர் போட்ட விதி. ஜனம் உட்கார்ந்தே இருந்தது. பின்வரிசையில் சிலருடைய வாய் அசைவது தெரிந்தது. திட்டுகிறார்களா, அழுகிறார்களா என்று புரியவில்லை. ஒரு குடும்பம் எழுந்து செருப்பைத் தேடியது. பிறகு இன்னொன்று. ஒரு கிழவர் அவர் முன்னால் வந்து நின்று, முகத்தையே பார்த்துவிட்டுப் போனார். கண்டக்டர் வாசலில் சும்மா நின்றார், யாரையும் நகரச் சொல்லாமல்.

கடைசியில் தையல்காரம்மா மட்டும் இருந்தாள். மேஸ்திரி அவள் பக்கத்தில் போய், வலது காது அவள் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.

"முடியாது" என்றாள் அவள், சத்தமாகவே. "அதை ஒரு தடவை சொல்றதுக்கே எனக்கு மூணு வருஷம் ஆச்சு. கடையில அளவு மறந்துட்டு வந்து கேக்கிற மாதிரி கேக்கறீங்களே."

அவர் எழவில்லை. எழுவதற்குத் தெம்பும் இல்லை. கூரை மின்விசிறி நின்றிருந்தது. இரண்டு பேருக்கும் வியர்த்தது. வெகுநேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள்.

"பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டரு. மறுநாள் கொடுக்கணும். அவரு நெஞ்சு என்னமோ பண்ணுதுங்கிறாரு..."

"யாரு?"

"என் வீட்டுக்காரரு!"

விதி உடைந்தது. அதைப் போட்டவரே உடைத்தார்.

"நாலு கைதான் பாக்கி, தைச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன்."

"நாலு என்னது?"

"கை, சட்டைக் கை! ஒரு கைக்குப் பத்து நிமிஷம். மூணாவது கை தைக்கிறப்ப பின்னால நாற்காலி சாய்ஞ்ச சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்க்கல. விளிம்பு மடிச்சு முடிச்சுட்டுத்தான் திரும்பினேன். இதைத்தான் மகள்கிட்ட சொன்னேன். அப்பாவைக் கொன்னுட்டியேன்னு சொன்னா."

"மெதுவாம்மா. விளிம்புக்கு அப்புறம் சொன்னது விழலை."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் அவர் காதுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொன்னாள். மேஸ்திரி அன்றைக்குப் பதினோரு தடவை குறுக்கிட்டார். அவள் "போதும்" என்று சொல்லும்போது மணி இரண்டரை ஆகியிருந்தது. அவருக்கு முதுகு விறைத்துக் கிடந்தது. சொன்னது முழுசும் வந்து சேர்ந்திருந்தது.

"உங்க பொண்ணு வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.