சரிவில் பிரேக் பிடிக்குமா?

சமவெளியில் சக்கர நாற்காலி விற்பது வியாபாரம்; குன்னூரில் அது பயப்படும் வேலை. மலையில் கடை போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

டைல்ஸ் தரையில் நின்ற வண்டி

அருவங்காட்டு ரங்கசாமி அண்ணன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்த பிறகு என்னிடம்தான் சக்கர நாற்காலி வாங்கினார். கடைத் தரையில் பிரேக் போட்டு ஆட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்றது. அதை நம்பி அனுப்பிவிட்டேன், மடையன்.

மறுநாள் காலை வீட்டு முன் சரிவில் பிரேக் போட்டு அவரை நிறுத்திவிட்டு, அவர் மனைவி சரோஜா அக்கா கதவைப் பூட்டத் திரும்பியிருக்கிறார். பனியில் நனைந்த டயரில் பிரேக் வழுக்கி, வண்டி தானாக இறங்கித் தேயிலைச் செடியில் முட்டி நின்றது. தகவல் கேட்டு ஓடினேன். பயம் அண்ணனைவிட எனக்குத்தான் அதிகம். மன்னிப்புக் கேட்டேன், பிரேக்கை மாற்றினேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"அடியொண்ணும் படலீங்க தம்பி. ஆனா இனி அதுல உக்காருன்னு மட்டும் சொல்லாதீங்க."

பேக்கரி மேசைச் சங்கம்

அப்போது மலையில் சக்கர நாற்காலி விற்பவர்களுக்கான எங்கள் சங்கம் என்றால் நாலு கடைக்காரர்கள், ஒரு பேக்கரி மேசை. வாங்குபவர் வீட்டுச் சரிவில் கடைக்காரனே வண்டியில் உட்கார்ந்து, பிரேக் போட்டு, சக்கரத்திலிருந்து கையை விட்டுப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றேன். ஊட்டிக்காரர் சிரித்தார். நீ சரிவு பார்க்கப் போகிற நேரத்தில் சங்கத்தில் இல்லாதவன் விற்றுவிடுவான் என்றார். நியாயம்தான். அப்படியானால் அவனையும் சேர்த்துவிடுவோம் என்று கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் அலைந்தேன். கோத்தகிரி மாலதி மேடம் காது மெஷின் மட்டும் விற்பவர். அவரும் சேர வந்தார். வண்டிப் பிரேக்கில் உங்களுக்கென்ன கவலை என்று கேட்டேன்.

"நாங்குடுத்த மெஷின் அவங்க ஊட்டுக்குப் போயும் கேக்குதான்னு எனக்கும்தானுங்க தூக்கம் வரமாட்டேங்குது."

வரிசையில் பதினோரு பேர்

பதினோரு பேரானோம். ரங்கசாமி அண்ணன் மட்டும் வண்டியில் ஏறாமல், வீட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆறு மாதம் ஓடிவிட்டது. சரோஜா அக்காவின் ஃபோன் வந்தாலே எனக்குப் பகீரென்றிருக்கும். ஒருநாள், மனுசன் வெளிக்காற்றே படாமல் இப்படியே போயிடுவாரோ என்று அழுதுவிட்டார். வேறு வழி தெரியவில்லை, அடுத்த சங்கக் கூட்டத்தை அண்ணன் வாசலிலேயே வைத்தேன்.

வேண்டுமென்றே சரிவுப் பாதையில் தண்ணீர் ஊற்றி, டயரையும் நனைத்தோம். அண்ணன் வண்டியைப் பிரேக் போட்டு நிறுத்தி, முதலில் நான் உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்து கையை விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மாலதி மேடம் கண்ணை இறுக மூடிக்கொண்டே உட்கார்ந்தார். வண்டி அசையவில்லை. எங்களில் கனத்த ஆளான ஊட்டிக்காரர், சந்தேகம் தீராமல் இரண்டாம் முறை உட்காரப் போனபோது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, போதும் எந்திரிங்க. என்ற வண்டில நான் எப்பத்தான் உக்கார்றது?"

நான் ஒருத்தனாகப் பயந்துகொண்டிருந்த தொழிலில் இப்போது பதினெட்டுப் பேர் சேர்ந்து பயப்படுகிறோம், அதைத்தான் ஆண்டறிக்கையில் சங்கத்தின் வளர்ச்சி என்று எழுதியிருக்கிறேன்.