தேவலாம் என்று சொன்னேன்

இடது விலாவுக்குக் கீழே ஏழு வருடமாக வலி. ஸ்கேனில் கல்லும் இல்லை, கட்டியும் இல்லை. தேவாரம் என்கிற ஊரில் நான் தனியாகக் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா, "டீச்சருக்குப் பொழுது போகல, அதான் வலிக்குதுங்கிறாக" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். வாயில் நன்றாக வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று விழுங்கிக்கொண்டேன்.

மதுரை டாக்டர் ஒருவர்தான் காதுகொடுத்துக் கேட்டார். இது சிறுநீரக வலியாக இருக்கலாம், அந்தச் சிறுநீரகத்தை எடுத்து உடம்பிலேயே வேறு இடத்தில் வைத்துத் தைத்தால் சிலருக்கு வலி நின்றுவிடும் என்றார். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் செய்ய மாட்டார்களாம். முதலில் இரண்டு நாள், இரண்டு ஊசி. ஒன்று மரத்துப்போக வைக்கும் மருந்து, மற்றது வெறும் உப்புத்தண்ணீர். எது எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். மருந்துக்கு வலி போய், தண்ணீருக்குப் போகாமல் இருந்தால்தான் ஆபரேஷன்.

முதல் நாள் ஊசி போட்டதும் கம்பம் ஊர்க்காரப் பெண் ஒருத்தி, நர்ஸ், பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணிக்கொரு தடவை கேட்டு எழுத வேண்டும்.

"இப்ப எப்டிக்கா இருக்கு?"

"அப்டியேதான் இருக்குத்தா."

"கூட யாரும் வரலையாக்கா?"

"யாரு இருக்கா வர?"

அதற்குப் பிறகு அவள் சாப்பிடக்கூடப் போகவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னை ஒருவர் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைக்கவே பயமாக இருந்தது. எங்கள் பக்கம் யாராவது உடம்பை விசாரித்தால் 'தேவலாம்' என்பதுதான் மரியாதை. சாகக் கிடப்பவரும் அதைத்தான் சொல்வார். நாலாவது தடவை கேட்டபோது நானும் சொன்னேன்.

"தேவலாந்தா. நீ போயி ஒரு வாய் சாப்பிடு."

அவள் முகம் மலர்ந்தது. எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில், ஆத்தாடி, வலி இருந்த இடமே தெரியவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாகக் குப்புறப் படுத்தேன். படுத்துக்கொண்டே அழுதேன். அப்போதுதான் நேற்றுச் சொன்னது சுருக்கென்றது.

சாயங்காலம் டாக்டர் ஃபைலைப் பார்த்தார். "தண்ணிக்கும் குறைஞ்சிருக்கேம்மா. உங்களை ஆபரேஷனுக்கு எடுக்க முடியாது."

"அது சும்மா சொன்னது சார். அந்தப் புள்ள பட்டினியா உக்காந்திருந்துச்சு."

"நீங்க சொன்னதைத்தானேம்மா நாங்க எழுத முடியும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"வலிக்குது வலிக்குதுன்னு ஏழு வருசமாச் சொல்றேன் சார், ஒரு சனம் நம்பல. தேவலாம்னு ஒரே ஒரு தடவ சொன்னேன். அத மட்டும் உடனே நம்பிட்டீகளே!"