தோட்டக்காரனுக்குப் பெண் இல்லை

ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பும் கறவை மாடுகளுமாகப் பிழைக்கிற குடும்பம் மயிலாத்தாளுடையது. அவள் கணவரின் தம்பி ஆறுச்சாமியும் உடன் இருந்தான். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. குடி, சூது எதுவும் கிடையாது, பாடுபட அஞ்சாதவன். ஆனாலும் பெண் அமையவில்லை. பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவன் என்றதும், வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

கடைசியாகப் பொள்ளாச்சியிலிருந்து வந்த பெண்ணின் தாய், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “தோப்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. எங்க அம்மணி எம்.எஸ்ஸி. படிச்சிருக்குது. சாணி அள்ள அனுப்பறதுங்களா?”

ஆறுச்சாமி மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டான். மயிலாத்தாளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அவள் மகன் கிருபாசங்கர் எட்டாவது முடித்திருந்தான். பள்ளி விட்டால் நேரே மாடுகள் நிற்கும் கட்டுத்தறிக்கு ஓடுகிறவன். கன்று ஈன முடியாமல் தவித்த மாட்டுக்குச் சித்தப்பாவோடு நின்று கன்றை இழுத்துப் போட்டவன். அதுவரை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவளுக்கு அன்று அதை நினைக்கவே பயமாக இருந்தது.

ஜூனில் அவனை வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். “பையன் இங்கயே நல்லாத்தானே படிக்கறான்?” என்று கணவர் தயங்கினார்.

“உங்க தம்பியுந்தான் நல்லவரு. அதுக்காக ஆருங்க பொண்ணு குடுத்தாங்க?”

முதன்முறை பார்க்கப் போனபோது ஆறுச்சாமிதான் கார் ஓட்டினான். கிருபாசங்கர் இளைத்திருந்தான். கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்டான். பிறகு, “என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா” என்றான்.

“படிச்சாத்தான் கண்ணு நாளைக்கு மதிப்பாங்க.”

“சித்தப்பாவாட்டம் ஆயிருவேன்னு பயந்துதானே என்னைய இங்க கொண்டாந்து உட்டீங்க? சித்தப்பாவுக்கு என்ன கொறச்சல்?”

ஆறுச்சாமி பக்கத்திலேயே நின்றிருந்தான். அவன்தான் பையனின் தோளில் கை வைத்து, “அம்மா சொல்றதக் கேளு சாமி” என்றான்.

திரும்பும் வழியில் அவளுக்குப் பொறுக்கவில்லை. “உங்களைக் கொறச்சலா நெனச்சுச் செய்யலீங்க தம்பி.”

“நெனச்சாலும் தப்பில்லீங்க நங்கை” என்றான் அண்ணன் மனைவியிடம், சாலையைப் பார்த்தபடி. “எனக்கொரு பையன் இருந்திருந்தா நானும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்.”

அதற்குப் பிறகு விடுதிக்குப் போகும்போதெல்லாம் அவன் தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டான். கிருபாசங்கர் ஒன்பதாவதில் நல்ல மார்க் வாங்கினான். விடுமுறைக்கு வந்தால் சித்தப்பாவோடு கலகலவென்று பேசுவான். அம்மாவிடம் கேட்டதற்கு மட்டும் பதில். பத்தாவதுக்கு அவன் பெட்டியை மயிலாத்தாளே கட்டினாள். விடுதிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று பலமுறை நினைத்தாள், துணிவு வரவில்லை.