துடிப்பு நிற்காத வளையங்கள்

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு வைரஸ் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். பிணப் பரிசோதனையில் கிடைக்கும் மூச்சுக்குழாயைச் சிறு சிறு வளையங்களாக நறுக்கி, சத்துநீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய்களில் உயிரோடு வைத்திருப்போம். அதன் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. ஆள் போய்ப் பல நாளானாலும் நுண்ணோக்கியில் அவை அசைந்துகொண்டிருக்கும். அசைவு நின்றால் அந்த வளையம் செத்தது என்று எழுதுவேன். சளிக்கு மருந்து தேட அன்று எங்களுக்கு இருந்த வழி அதுதான்.

ஒருமுறை வந்தது எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில் பாடிய அண்ணனுடையது. சாலை விபத்து. சீட்டில் பெயர் இருக்காது. தேதியைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? ஆராய்ச்சிக்கு எடுக்கலாம் என்று அவர் மனைவிதான் கையெழுத்துப் போட்டிருந்தார். எதை எடுப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்து ஃபேரர் பார்க் பக்கம் நடந்தபோது அந்த அக்கா என் கையைப் பிடித்தார்.

"அவரு நிம்மதியா போயிட்டாருல்ல மா?"

"போயிட்டாருக்கா," என்றேன்.

பச்சைப் பொய். அன்று காலைதான் பார்த்திருந்தேன். இருபது வளையங்களும் அசைந்தன. பயமாக இருந்தது.

மறுநாள் அந்த வளையங்கள் இருந்த குழாய்களை இரண்டு தட்டுகளாகப் பிரித்து, இரண்டிலும் வைரஸை விட்டோம். ஒரு தட்டுக்கு மட்டும் மருந்து. மற்ற தட்டு சாக வேண்டும்; அப்போதுதான் மருந்து வேலை செய்ததா என்று ஒப்பிட முடியும். டாக்டர் மீட்டிங்குக்குப் போனதும் அந்தத் தட்டுக்கும் மருந்தை ஊற்றிவிட்டேன். ஆறு வருடம் வேலை பார்த்தவள் செய்கிற காரியமா அது? அவரை இன்னொரு முறை சாகவிட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்தும் இரண்டு தட்டும் அசைந்தன. டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி உதட்டைப் பிதுக்கினார்.

"வைரஸ் வீக் லா. இந்த எக்ஸ்பெரிமென்ட் செல்லாது. ரெண்டு ட்ரேயும் ஆட்டோகிளேவ்ல போட்டுடு மா."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமென்று வாயை மூடிக்கொண்டேன். மருந்து காப்பாற்றியதா, வைரஸ்தான் சோதாவா, இனி யாருக்கும் தெரியாது. நான் கை வைக்காமல் இருந்திருந்தால் சோதனை செல்லுபடியாகி, மருந்து விட்ட பாதியாவது மிஞ்சியிருக்கும்.

ஆட்டோகிளேவ் என்பது எந்த உயிரையும் கொன்றுவிடும் கொதிநீராவிப் பெட்டி. அதை மூடுமுன் ஒரு குழாயை மட்டும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். அசைந்துகொண்டுதான் இருந்தது. அதையும் மற்றவற்றோடு அடுக்கி, மூடியைத் திருகி, நீராவியைத் திறந்துவிட்டேன்.