பர்னர் அக்கா வாங்கிய அடுப்பு

இருபத்து நான்கு வருஷமாக ஊரார் வீட்டு அடுப்பையெல்லாம் கழற்றி மாட்டியவளுக்கு, தன் வீட்டுக்கென்று ஓர் அடுப்பைக் கடையில் பார்த்து வாங்க வாய்க்கவே இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். பர்னர் அக்காவின் சமையலறையில் இருந்தது நாலு பழைய அடுப்புகளின் உறுப்புகளைச் சேர்த்து அவளே ஒப்பேற்றிய அடுப்பு. உடம்பு ஒன்றுடையது, பர்னர் வேறொன்றுடையது, திருகுகள் மூன்று நிறம். பார்க்கச் சகிக்காது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எரிவதில் ஒரு குறையும் கிடையாது.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஸ்கூட்டரின் முன்னால் கருவிப்பை தொங்கும், பின்னால் ஒரு பெயின்ட் டப்பாவில் பர்னர் மூடிகள் குலுங்கும். எந்த வீட்டில் வேலை முடிந்தாலும் ஒரு சோதனை பார்க்காமல் கிளம்பமாட்டாள். பர்னரைச் சிம்மில் வைத்து, இதோ அணையப்போகிறது என்று நமக்கே பதறுகிற அளவுக்குத் தீயைக் குறைப்பாள். பிறகு அடுப்புக்குக் கீழே இருக்கிற அலமாரிக் கதவைத் திறந்து படாரென்று சாத்துவாள். கதவு தள்ளுகிற காற்று மேலே வந்து தீயை முட்டும். தீ நின்றால் வேலை முடிந்தது. அணைந்தால் மறுபடி கழற்றிக்கொண்டு உட்காருவாள். கதவு போச்சே என்று முகம் சுளித்த வீடுகள் எத்தனையோ உண்டு. அவள் சட்டை செய்ததில்லை. முன்பு ஒரு வீட்டில் இப்படித்தான் சின்னத் தீ காற்றில் அணைந்து, வீடெல்லாம் கேஸ் பரவி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம் அது.

சுவரில் ஓதம் ஏறி மேல்பூச்சு உதிர ஆரம்பித்ததும், சமையலறையை முழுக்க இடித்துப் புதுசாகவே செய்துவிடுவோம் என்று முடிவானது. அக்காவின் கணவர் தையல்காரர். பாதி நாள் கடை, பாதி நாள் சமையல் என்று இருக்கிற மனிதர். இந்தத் தடவை அடுப்பு உயர்ந்த ரகமாக இருக்கட்டும், நீயே பார்த்து எடு என்று சொன்னதும் அவர்தான். அக்காவுக்கு அன்றிலிருந்து கால் தரையில் படவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பெரிய நாத்தனார் வந்துவிட்டார். கணவரின் மூத்த அக்கா. அந்தக் குடும்பத்தில் யார் வீட்டுக்கு என்ன நிறம் பூசுவது என்பதுகூட அவர் வாயால்தான் வரவேண்டும். அவர் வீட்டில் கல்லில் பதித்த கறுப்புக் கண்ணாடி அடுப்பு இருந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. தம்பி வீட்டுக்கும் அதேதான் என்று வந்த காலோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் கடையில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேனே அண்ணி என்று அக்கா தன்மையாகத்தான் சொன்னாள். அதற்கு வந்த பதில்தான் அவளைச் சுட்டது.

"ஒடஞ்ச அடுப்போட கெடக்கறவளுக்கு உசந்த அடுப்பப் பத்தி என்னம்மா தெரியும்?"

கொத்தனார் இருந்தார், பெயின்டர் இருந்தார். அத்தனை பேர் முன்னாலும் இந்தப் பேச்சு. கணவரோ தரையில் ஊசி தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா வேலை முடிந்து வந்தபோது புதுக் கல் மேடையில் பெரிய ஓட்டை வெட்டியிருந்தது. நாத்தனார் உத்தரவு போட்டிருக்கிறார். தம்பியும் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், கண்ணாடி அடுப்பை நாலு பக்கமும் அளந்து வந்து, கொத்தனாரிடம் தாளில் எழுதியும் கொடுத்துவிட்டார். அளவு சரிதானே என்று கொத்தனார் இரண்டு தரம் கேட்டாராம். முப்பது வருஷமாக அளக்கிறேன், தைரியமாக வெட்டு என்றாராம் இவர். அக்கா கருவிப்பையைத் தொப்பென்று தரையில் போட்டாள். அடுப்புக்காக மட்டும் இல்லை. முன்பின் தெரியாத ஜனமெல்லாம் அவள் வார்த்தையை நம்பித் தீ மூட்டுகிறது, சொந்த வீட்டில் அந்த வார்த்தைக்குக் காலணா மதிப்பில்லையே என்ற ஆத்திரம்தான்.

சண்டை போடவில்லை. கணவரைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை கடைக்குப் போவோம். உங்க அக்காவையும் கூப்பிடுங்க. அந்தக் கண்ணாடி அடுப்பு என் சோதனையில நின்னா அதையே வாங்கிக்கறேன். நிக்கலேன்னா, கல்ல வெட்டியாச்சேங்கறதுக்காக நான் அடுப்பு வாங்கமாட்டேன்."

கடை குளுகுளுவென்று இருந்தது. சமையலறை மாதிரியே மேடை போட்டு, கீழே கதவு வைத்து, ஒவ்வொரு அடுப்புக்கும் கேஸ் இணைப்பும் கொடுத்திருந்தார்கள். விற்பனைக்காரர் நேரே நாத்தனாரிடம் போய் வணக்கம் வைத்தார். ஆளைப் பார்த்து எடை போடுகிற தொழிலாயிற்றே. கண்ணாடியின் கனம், தானாகப் பற்றிக்கொள்ளும் வசதி என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பற்றவைத்து, தீயைக் குறைத்து, கீழே குனிந்து கதவைத் திறந்து படாரென்று சாத்தினாள்.

தீ போயே போய்விட்டது.

ஏசி காற்று மேடம் என்றார் விற்பனைக்காரர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அக்கா ஏசியை அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி சாத்தினாள். மறுபடியும் அணைந்தது. கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்து வந்தார்கள். விற்பனைக்காரருக்கு வேர்த்தது.

"அணைஞ்சாலும் பயமில்ல மேடம், கேஸ் தானா நின்னுடும்."

"கேஸ் நிக்கறது நல்லதுதான். கூடவே என் சமையலும் இல்ல நிக்குது?"

யாரோ சிரித்தார்கள். அக்கா அடுத்த அடுப்புக்குப் போனாள். அதுவும் அணைந்தது. மூன்றாவது, நான்காவது, எல்லாம் பார்வைக்கு ராஜா, காற்றுக்குக் கோழை. மூலையில் ஓர் எஃகு அடுப்பு இருந்தது. விலையில் கண்ணாடி அடுப்புக்கு இளைத்ததில்லை, ஆனால் பளபளப்பு இல்லாததால் யாரும் திரும்பிப் பார்க்காத அடுப்பு. அக்கா பர்னர் மூடியை எடுத்துக் கையில் உருட்டினாள். நல்ல பித்தளை, நல்ல கனம். தீயை மணி மணியாகத் தெரிகிற அளவுக்குக் குறைத்தாள். கதவைச் சாத்தினாள். தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. இன்னும் ஓங்கிச் சாத்தினாள். அப்போதும் நின்றது. ஐந்து பர்னரும் அப்படியே நின்றன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்து நான்கு வருஷத்தில் தனக்காக வாங்கப்போகிற முதல் அடுப்பு.

இதுதான் என்றாள்.

நாத்தனார் விடுவாரா? கையிலிருந்த கடைசிச் சீட்டை எடுத்தார்.

"இது என்னோடதவிடப் பெருசு. வெட்டின கல்லுல எப்படி எறங்கும்? கல்லு என்ன துணியா, பிரிச்சு விட்டுத் தைக்கறதுக்கு?"

அக்கா அடுப்பின் விளிம்பைச் சாணால் அளந்து பார்த்தாள். உண்மைதானே. அந்த நேரம் பார்த்துக் கணவர் தொண்டையைக் கனைத்தார். கழுத்து டேப்பை உருவி எஃகு அடுப்பை அளந்தார். சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தார். இன்னொரு தரம் அளந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"தையலுக்கு விட்டுட்டேன்" என்றார்.

என்னது என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"நாலு பக்கமும் ஒவ்வொரு இன்ச்சு. எதை அளந்தாலும் தையலுக்கு விட்டுத்தான் எழுதுவேன். கை தானா எழுதிடுச்சுக்கா. உன் அடுப்ப அந்த ஓட்டையில வச்சா உள்ள விழுந்துடும். இது கச்சிதமா உக்காரும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடையே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் நாத்தனார்தான். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கணவரின் கைத்தவறு அக்காவுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு தடவைதான். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் அதை நினைத்துச் செய்த காரியம் போலவே பேசிக்கொண்டு வந்தார். அவளும் போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

அடுப்பு சொன்னபடி உட்கார்ந்தது. எஃகு விளிம்பு கல்லின் மேல் படிந்து ஓட்டையை மூடியது, நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை. கொத்தனார் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாக் குழாயையும் அக்காவே இணைத்தாள், சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தாள்.

வேலை முடிந்த மறுநாள் காலையில் நாத்தனார் பார்க்க வந்தார். பார்க்க என்பது பேச்சுக்கு. குறை கண்டுபிடிக்க என்பதுதான் நிஜம். திருகைத் திருகினார், கல்லைத் தடவினார், கீழே அலமாரியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. மேலே ஒரு பாத்திரத்தில் கணவர் காபிக்கு வைத்த பால் சிம்மில் இருந்தது, அவரும் பக்கத்தில் நின்றார். கண்ணாடி அடுப்போட அழகு வருமா என்று சொல்லிக்கொண்டே, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அலமாரிக் கதவை ஓங்கிச் சாத்தினார்.

வீடே அதிர்ந்தது. மூன்று பேரும் அடுப்பைப் பார்த்தார்கள். தீ தலை சாய்த்தது, பிறகு நிமிர்ந்து நின்றது. பாலின் மேல் ஆடை அசையாமல் இருந்தது.

நாத்தனார் கிட்டே போய்க் குனிந்து அந்தத் தீயைப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"எங்க வீட்டுலயும் அடிக்கடி அணையுதும்மா. வெளிய சொல்லிக்கல. நாளைக்கு வந்து என்னன்னு பாக்கறியா?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. அக்கா அடுப்பை நிறுத்திவிட்டு, பொங்கி வழிகிற சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூன்று டம்ளர் எடுத்து வைத்தாள்.

"வரேன் அண்ணி. அதுவரைக்கும் கதவ மட்டும் மெதுவா சாத்துங்க."