காந்தத்துக்கு ஒட்டாத திருகாணி

அவரைக் காந்தம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பழைய இரும்புக் கடையில் அவர் இடுப்பில் எப்போதும் ஒரு கயிறு தொங்கும், அதன் நுனியில் உள்ளங்கை அகலக் காந்தம். வண்டியில் எது வந்து இறங்கினாலும் அதைத் தொட்டுப் பார்ப்பார். ஒட்டினால் அவருடைய குவியல். ஒட்டாததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வீசிவிடுவார். பின்னால் அவருடைய தங்கை உட்கார்ந்திருப்பாள். செம்பு, பித்தளை, அலுமினியம், இன்னும் வெளுப்பாக வருகிற சாமானெல்லாம் அவள் பாடு. அப்பா இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிட்டுப் போன வேலை அது.

இரும்புக் குவியல் உச்சியில் நிற்பதுதான் அவருக்கு உயிர். அங்கிருந்து பார்த்தால் கூரைகளும், கொடியில் ஆடும் துணிகளும், தூரத்தில் சத்தமில்லாமல் ஊர்ந்து போகிற ரயிலும் தெரியும். ஒருநாள் அங்கேதான் ஒரு கட்டில் சட்டம் வழுக்கியது. கால் சட்டத்தில் மாட்டிக்கொள்ள, உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. முழங்கால் ஜவ்வு அறுந்துபோனது.

அம்மா வழியில் எல்லாருக்குமே முழங்கால்தான் எமன். பெரிய மாமாவை, கொஞ்ச நாள் தராசுப் பக்கம் உட்காரட்டும் என்று ஒரு பச்சை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செத்த பிறகு அதிலிருந்து அவரைத் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பிறகு சின்ன மாமாவின் மூத்த மகன். அவனும் அப்படியே. நாற்காலி மட்டும் இன்னும் தராசுப் பக்கத்திலேயே கிடந்தது. இனி அது தனக்குத்தானோ என்று அவர் பயந்தார்.

எலும்பு டாக்டரம்மா ஆபரேஷன் முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "தொடையிலேர்ந்து ஒரு நாரை எடுத்து, எலும்புல துளை போட்டு வச்சிருக்கேன். அது நகராம ஒரு திருகாணி. உலோகம்தான், ஆனா உள்ளேயே மெல்லக் கரைஞ்சிடும். அந்த இடத்துல எலும்பு வளர்ந்துக்கும். திரும்ப வெட்டி எடுக்க வேண்டியதில்ல. நான் சொல்ற வரைக்கும் ஏறாதீங்க, குதிக்காதீங்க."

உலோகம் கரையுமாம்! அவர் பார்த்த இரும்பு துருப்பிடிக்கும், வளையும், உருகும், மறுபடி வேறு உருவத்தில் அவரிடமே வந்து சேரும். சுவடில்லாமல் போய்விடுகிற உலோகத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. மத்தியானத் தூக்கத்தில் அது கனவாக வந்தது. முழங்காலுக்குள் ஒரு வெள்ளை அறை. நடுவில் திருகாணி, நனைந்த சர்க்கரைக் கட்டி மாதிரி ஓரம் மழுங்கி நிற்கிறது. சுவர்கள் மூச்சு விடுவதுபோல விரிந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கிட்டே வருகின்றன. எங்கேயோ தண்ணீர் சொட்டுகிறது.

அப்படி ஒரு கனவிலிருந்து விழித்த மத்தியானம், கால் கட்டைக் கழற்றிவிட்டுக் காந்தத்தை முழங்காலில் வைத்தார். ஒட்டவில்லை. பக்கவாட்டில் வைத்தார். வழுக்கி விழுந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து கடைக்கு நடந்தார், பாதிக் குவியல் ஏறியும்விட்டார்.

"அண்ணே! எறங்குறியா, நான் மேல வரட்டுமா?" தங்கை கீழேயிருந்து கத்தினாள்.

"ஆணி கரைஞ்சு போச்சு, எலும்பு புடிச்சிடுச்சு. காந்தத்தை வச்சுப் பாத்துட்டேன், துளிகூட இழுக்கல!"

"உன் காந்தம் செம்பை இழுக்குமா? இந்த அலுமினியச் சட்டியை இழுக்குமா? அண்ணி நெத்தியில வச்சுப் பாரு, அவங்களும்தான் ஒட்ட மாட்டாங்க. அதுக்காக உன் வீட்டுல அண்ணியே இல்லன்னு ஆயிடுமா?"

அவர் குனிந்து இடுப்பில் தொங்கிய காந்தத்தைப் பார்த்தார். கால் ஒருமுறை நடுங்கியது. அப்படியே உட்கார்ந்தபடி இறங்கினார். சாயங்காலத்துக்குள் முழங்கால் உப்பிவிட்டது. கடையில் தராசு பார்க்கிற தங்கையின் புருஷன் துணியை எடுத்துப் பச்சை நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"என்ன மாப்ள பண்றே?"

"சும்மா தூசி தட்டுறேன் மச்சான்," என்றவன் முகத்தைக் காட்டவில்லை.

மறுநாள் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். எலும்புக்குள் நிழலுக்கும் நிழல்போல ஒரு மங்கல். "ஆணி அங்கேயேதான் இருக்கு. நாரும் நகரல. பிழைச்சீங்க," என்று அதே மாதிரி ஒரு திருகாணியை எடுத்து நீட்டினார். கையில் வைத்ததே தெரியவில்லை, அவ்வளவு லேசு. தங்கை வாங்கி உள்ளங்கையில் உருட்டினாள்.

"மக்னீசியமா டாக்டர்?"

"மக்னீசியம்தான். கலவை."

"நம்ம கடைக்கு வர்றதுதான் அண்ணே. பழைய இஞ்சின் மூடியில வரும். நீ பாக்காம என் பக்கம் எறிவியே, அது."

அதற்குப் பிறகு அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. டாக்டரம்மா சொன்ன பயிற்சியைச் செய்தார், சொல்லாததைச் செய்யவில்லை. கனவு மட்டும் வந்துகொண்டிருந்தது. வெள்ளை அறை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் கனவில் கதவைத் திறந்தால் அறையே இல்லை, சுவர்தான் இருந்தது. மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வந்தபோது எடுத்த படத்திலும் மங்கலைக் காணோம்.

"இப்ப ஏறலாம்," என்றார் டாக்டரம்மா.

கடைக்குள் நுழைந்ததும் அவர் குவியலுக்குப் போகவில்லை. நேரே தராசுப் பக்கம் போய்ப் பச்சை நாற்காலியின் காலில் காந்தத்தை வைத்தார். டப்பென்று ஒட்டியது.

"என் குவியல்," என்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். கால் நடுங்கவில்லை.

"மச்சான், நான் எங்க உட்கார்றது?" என்று கீழே தராசுப் பக்கமிருந்து தங்கையின் புருஷன் குரல் வந்தது.

அவர் காதில் விழவில்லை. உச்சியில் நாற்காலியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, தூரத்து ரயில் வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் நின்றுகொண்டே பார்த்தார்.